மூன்றரை ஆம்பியர் எங்கே போனது?

காலை ஐந்து இருபது. சாவியைத் திருகினேன். "டிக்" என்றது. இன்னொரு முறை திருகினேன். மறுபடியும் "டிக்." மூன்றாம் முறை அந்த "டிக்" கூட இல்லை. முன்பலகையில் ஒட்டியிருக்கும் பிள்ளையாரின் காலடியில் எரிந்த சிவப்பு விளக்குகள் ஏழும் மங்கி, ஒவ்வொன்றாக அணைந்தன.

பின்னிருக்கையில் என் மனைவி சரோஜா கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னங்க, மறுபடியுமா?"

"மறுபடியும்தான். அஞ்சு வாரத்துல ஏழாவது தடவ."

"எண்ணிக்கிட்டு இருக்காதீங்க. டேக்சி கூப்பிடுங்க."

கைப்பேசியில் வண்டி தேடினேன். எங்கள் ஊர் கிள்ளானில் அந்த நேரத்தில் கிடைத்த ஒரே வண்டி பதினெட்டு நிமிடம் தள்ளி இருந்தது. திரையில் அந்தச் சிறிய கார் படம் ஒரே முச்சந்தியில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் எங்கேயோ நாசி லெமாக் சோற்றுப் பொட்டலம் வாங்கிக்கொண்டிருந்திருப்பார். நான் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது வெறும் கார் தொல்லை என்றால் ஒரு வாரத்துக் கட்டுரையை இதற்குச் செலவிட மாட்டேன். சரோஜாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் நின்று மூன்று வருடமாகிறது. செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு டயாலிசிஸ். நாலு மணி நேரம் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும். அவள் நாற்காலியில் பத்தரைக்கு அடுத்த நோயாளி உட்கார்ந்தாக வேண்டும். நாங்கள் தாமதமாகப் போனால் அந்தத் தாமதத்தை எங்கள் நாலு மணி நேரத்தில்தான் கழிப்பார்கள். நாலாவது தடவை பேட்டரி செத்தபோது ஐம்பது நிமிடம் போயிற்று. அடுத்த நாள் முழுக்க அவள் படுக்க முடியாமல், மூன்று தலையணையை முதுகுக்கு வைத்து, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள். நிமிடத்துக்கு இருபத்தெட்டு மூச்சு. நான்தான் எண்ணினேன்.

அதனால் அந்தக் கார் கிளம்புவது எனக்கு விளையாட்டல்ல.

முதல் குற்றவாளி

பேட்டரிக் கடைக்காரச் சீனர் மோட்டார் சைக்கிளில் வருவார். நல்ல மனிதர். வந்ததும் முன்மூடியைத் திறப்பார், இரண்டு கம்பியை வைப்பார், தலையை ஆட்டுவார்.

"அங்கிள், பாத்தெரி மாத்தி லா."

செத்துவிட்டது என்கிறார். அது எனக்கும் தெரியும். ஏன் செத்தது என்பதுதான் கேள்வி.

"பழசு, அங்கிள். மூணு வருஷம். சாவு வந்திடுச்சி." அவர் தமிழ் அவ்வளவுதான், ஆனால் தெளிவானது.

இரண்டாவது தடவையே புதுப் பேட்டரி போட்டாயிற்று. நாற்பத்தைந்து ஆம்பியர்-மணி. அதாவது ஒரு ஆம்பியர் வீதம் எடுத்தால் நாற்பத்தைந்து மணி நேரம் தாங்கும். பெட்டியில் அச்சடித்திருந்ததை இரண்டு முறை படித்தேன். ஒன்பதே நாளில் அந்தப் புதுசும் செத்தது. சீனர் வந்தார். கம்பியை வைத்தார். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை, சொறிந்தார்.

"அங்கிள், உங்க காரு பாத்தெரி சாப்பிடுது."

அம்பாங்கில் இருக்கும் மகளிடம் சொன்னேன். "வித்துத் தொலைங்கப்பா" என்றாள். எல்லாவற்றுக்கும் அவளிடம் இந்த ஒரே வைத்தியம்தான். பாத்திரம் கழுவும் தொட்டி ஒழுகியபோதும் வீட்டை விற்கச் சொன்னவள்.

முப்பத்தொரு வருடம் மீட்டர் பார்த்தவன்

எனக்கு ஆத்திரம் வந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன். (இரண்டு இதழ்களுக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குவீட்டுப் படிகள் பதினான்கு என்று எழுதியிருந்தேன். பதினாறு என்று ஒரு வாசகி திருத்தியிருக்கிறார். போய் ஏறிப் பார்த்தேன். பதினாறுதான். மன்னிக்கவும்.)

மின்சாரம் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது என் பிழைப்பு. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வீட்டுக்காரர், ரயில்வேயில் கணக்கர், என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுத்தாலும் மீட்டர் ஓடுகிறதாம். பக்கத்து வீட்டுக்காரன் கம்பி போட்டுத் திருடுகிறான் என்று கத்தினார். பக்கத்து வீட்டுக்காரன் அவன் பங்குக்குச் சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தான்.

நான் ஃபியூஸ் பெட்டியைத் திறந்தேன். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். மூன்றாவதைப் பிடுங்கியதும் மீட்டர் தகடு நின்றது. அது பின்கட்டுக்குப் போகிற கம்பி. படிக்கட்டுக்கு அடியில் ஒரு மரப்பெட்டி. உள்ளே நாற்பது வாட் பல்பு எரிந்துகொண்டிருந்தது. வைக்கோலில் வாத்து முட்டைகள் பதினொன்று. அவர் மனைவி அவருக்குத் தெரியாமல் குஞ்சு பொரிக்க வைத்திருந்தாள்.

எனக்கு ஆன நேரம் நாலு நிமிடம். அன்று தேநீர்க் கடையில் சகாக்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். தன் வீட்டில் வாத்து முட்டை இருப்பது தெரியாமல் ஊரோடு சண்டைக்குப் போகும் ஆளைப் பார்த்திருக்கிறீர்களா என்று.

சிரித்தேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுநூறு மில்லி

இன்னொரு கணக்கும் அதே வாரங்களில் உதைத்துக்கொண்டிருந்தது. சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் குடிக்கும் தண்ணீர் உடம்பிலேயே தங்கும். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவே சரோஜா இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக்கூடாது என்பது டாக்டரின் கட்டளை. அதனால் ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. காலையில் ஒரு செம்பில் அளந்து வைப்பேன். அவள் குடிக்கும் ஒவ்வொரு வாய்க்கும் நோட்டில் ஒரு கோடு. நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று. குளிர்பெட்டியில் ஐஸ் கட்டிகள் பன்னிரண்டு. ஒன்று எடுத்தால் செம்பிலிருந்து இருபது மில்லி கழித்துவிடுவேன். ரசம், மோர், மாத்திரைக்கு விழுங்குவது எல்லாம் கணக்கில் உண்டு.

அப்படியிருந்தும் இரண்டரைக் கிலோ ஏறி வந்தாள். ஒரு தடவையல்ல, ஐந்து வாரமாக.

டயாலிசிஸ் நிலையத்து சிஸ்டர் தராசைப் பார்த்துவிட்டு என்னைப் பார்ப்பார். "அங்கிள், ஆன்டிக்குப் பாவம் பாத்து தண்ணி கூடக் குடுக்கறீங்களா?"

"எழுநூறுக்கு மேல ஒரு சொட்டு இல்ல சிஸ்டர். நோட்டு இருக்கு, பாருங்க."

"நோட்டு குடிக்கலயே அங்கிள், ஆன்டிதான குடிக்கிறாங்க."

சுற்றியிருந்த நாற்காலிகளில் நாலு பேர் சிரித்தார்கள். சரோஜா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி நல்ல பிள்ளை

பண்டமாரானில் லோரிகளுக்கு வயரிங் செய்யும் மணியம் என்பவரிடம் காரைக் கொண்டுபோனேன். ஐம்பது வயதிருக்கும். காதில் பென்சில், வாயில் எப்போதும் ஒரு புளிப்பு மிட்டாய்.

"மொதல்ல வண்டி தூங்கணும் அங்கிள்" என்றார்.

"என்னது?"

"இப்ப வர்ற வண்டிங்க எல்லாம் அப்படித்தான். சாவிய எடுத்தப்புறமும் உள்ள இருக்கிற கம்ப்யூட்டர் அர மணி நேரம் முழிச்சிக்கிட்டு இருக்கும். அது தூங்கினப்புறம்தான் கசிவு தெரியும். தொடாதீங்க, கதவ தொறக்காதீங்க, தொறந்தா மறுபடி முழிச்சிக்கும்."

முப்பத்திரண்டு நிமிடம் ஒரு டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். பிறகு அவர் பேட்டரிக் கம்பியைச் சுற்றி ஒரு கிடுக்கி மீட்டரைக் கவ்வ வைத்தார். 0.03. ஓர் ஆம்பியரில் நூறில் மூன்று பங்கு. கடிகாரத்துக்கும் பூட்டுக்கும் அவ்வளவு வேண்டும். அது கசிவே அல்ல.

"கொழந்த மாதிரி தூங்குது அங்கிள் உங்க வண்டி."

அடுத்த வாரமும் போனேன். 0.03. அதற்கடுத்த வாரமும். 0.03. மூன்றாவது தடவை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"அப்ப நான் பொய் சொல்றனா? ஏழு தடவ செத்திருக்கு. ஏழு! எழுதி வெச்சிருக்கேன்."

"நீங்க பொய் சொல்லல அங்கிள். வண்டிதான் பொய் சொல்லுது. இங்க வந்தா நல்ல புள்ளயா நடிக்குது."

"செவ்வா, வியாழன், சனி காலையிலதான் சாவுது. மத்த நாளெல்லாம் கிளம்புது. அதுக்கு எப்படி டயாலிசிஸ் நாள் தெரியும்?"

மணியம் மிட்டாயை மறு கன்னத்துக்குத் தள்ளினார். "அப்ப இங்க பாத்துப் புண்ணியமில்ல. அது எங்க படுக்குதோ அங்கதான் பாக்கணும். கிள்ளான் பக்கம் வேல இருந்தா வரேன்."

என்றைக்கு என்று கேட்டேன். சொல்லவில்லை. இப்போது யோசிக்கையில், அவர் சொல்லாததுதான் எனக்குக் கிடைத்த ஒரே அதிர்ஷ்டம்.

பத்தொன்பதாவது ஃபியூஸ்

ஒரு புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு மணியம் வாசலில் வந்து ஹாரன் அடித்தார். சரோஜா குளித்துக்கொண்டிருந்தாள். கார் அன்று பகல் முழுக்க அசையவில்லை.

முன்மூடியைத் திறந்து கிடுக்கியை மாட்டினார். எண் வந்தது. இருவரும் குனிந்து பார்த்தோம்.

3.5.

"அங்கிள்" என்றார் மணியம், "வண்டி தூங்கல. தோசை சுட்டுக்கிட்டு இருக்கு."

குனிந்து இன்னொரு முறை படித்தேன். ஐந்து வாரத்தில் முதல்முறையாக என் கண்முன் ஓர் எண் இருந்தது. மூன்றரை ஆம்பியர். மாலை நாலுக்குத் தொடங்கியது என்று வைத்துக்கொண்டால், காலை ஐந்து வரை பதின்மூன்று மணி நேரம். பெருக்கினால் நாற்பத்தைந்தரை. பேட்டரியில் இருப்பதே நாற்பத்தைந்து.

மணியம் ஓட்டுநர் கதவைத் திறந்து, கம்ப்யூட்டர் முழிக்காமல் இருக்கக் கதவுப் பூட்டை ஒரு திருப்புளியால் மூடியதுபோல ஏமாற்றிவிட்டு, அடியில் படுத்து ஃபியூஸ்களைப் பிடுங்க ஆரம்பித்தார். நான் மீட்டரில் எண் படித்தேன். பழைய வேலைக்குப் போனதுபோல் இருந்தது.

"ஒண்ணு?"

"மூணரை."

"ரெண்டு?"

"மூணரை."

பதினெட்டு வரை மூன்றரைதான். பத்தொன்பதைப் பிடுங்கியதும் 0.03.

"நின்னுடுச்சி!" என்று கத்திவிட்டேன்.

அவர் அந்த ஃபியூஸை மறுபடி மாட்டினார். பிடுங்கினார். மாட்டினார். தலையைச் சாய்த்துக் கேட்டார். "இத மாட்டினா பின்னால என்னமோ ஒறுமுது. புடுங்கினா சத்தம் இல்ல. உங்களுக்குக் கேக்கலயா?"

எனக்குக் கேட்கவில்லை. காதுக் கருவியை நான் விசேஷங்களுக்குத்தான் மாட்டுவேன்.

"பத்தொம்போது எதுக்குப் போவுது?"

"பின் சீட்டு சாக்கெட்டுக்கு. போன் சார்ஜ் போடற ஓட்ட. இந்த வண்டியில சாவி எடுத்தாலும் அதுல கரண்டு இருக்கும்."

பின்னிருக்கை சரோஜாவுடையது. அங்கே அவள் கம்பளி, தலையணை, டயாலிசிஸ் பை. கிருமி தொற்றினால் ஆபத்து, அந்தப் பையைத் தொடாதீர்கள் என்று அவள் சொல்லியிருந்தாள். நானும் மூன்று வருடமாகத் தொட்டதில்லை. மணியம் கதவைத் திறந்து கம்பளியைத் தூக்கினார். என் இருக்கைக்கு நேர் பின்னால், தரையில், பிஸ்கட் டின் அளவில் ஒரு நீலப் பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி சாக்கெட்டுக்குப் போனது. காரில் வைக்கும் சின்னக் குளிர்பெட்டி.

நான் ஓட்டும்போது அதற்கும் என் முதுகுக்கும் ஓர் அடி தூரம்தான்.

மூடியைத் திறந்தேன். உள்ளே ஐஸ்கிரீம் மலேசியா. வெளியூர் வாசகர்களுக்காக: சர்க்கரைப் பாகைக் குறுகலான பிளாஸ்டிக் குழாயில் ஊற்றி, வாயை ரப்பர் பட்டையால் கட்டி, உறைய வைத்து விற்பார்கள். முனையைக் கடித்து உறிஞ்சவேண்டும். எங்கள் எதிர்வீட்டு மலாய் அக்கா, கக் ரோஸ்னா, பள்ளிப் பிள்ளைகளுக்கு விற்கிறார். ரோஜாப்பாகு நிறம். பாதி உருகியிருந்தது.

ஆறு குழாய். ஒன்றுக்கு எண்பது மில்லி. நானூற்று எண்பது. அரைக் கிலோவுக்கு இருபது கிராம் குறைவு.

ஐந்து வாரமாக உதைத்த இரண்டு கணக்கும் ஒரே நொடியில் நேராயின. எந்தக் கணக்கு நேரானாலும் எனக்கு மனம் குளிரும். அன்று குளிரவில்லை.

"எண்ணி வெச்சிருப்பீங்களே"

சரோஜா ஈரத் தலையில் துண்டோடு, பிள்ளையாருக்கு வைக்கப் பூவும் கையுமாக வெளியே வந்தாள். மணியத்தைப் பார்த்தாள். என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். நின்றுவிட்டாள்.

"இது யாருது?"

"என்னுதுதான்."

"எப்ப இருந்து?"

"அதான் நீங்க எண்ணி வெச்சிருப்பீங்களே."

மணியம் ஒரு ஃபியூஸைத் துடைக்கத் தொடங்கினார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"இதனாலதான் பேட்டரி செத்துச்சு, தெரியுமா? ஏழு நாள். அம்பது நிமிஷம் லேட்டாகி மூச்சு வாங்கி உக்காந்திருந்தியே, அது இதனாலதான்."

அவள் முகம் மாறியது. பூவைக் கார் மூடிமேல் வைத்தாள். "இதனாலயா? போன் சார்ஜ் போடற ஓட்டதானங்க. அதுல எவ்வளவு போயிடும்னு நெனச்சேன். உங்க கண்ணுல படாம மொத நாளு சாயங்காலமே நாலு மணிக்கு மாட்டி வெச்சிட்டு, படுக்கறதுக்கு முன்னாடி வந்து புடுங்கிடுவேன். சில நாளு அசதியில மறந்து தூங்கிட்டேன்."

"அப்ப நான் மணியத்துக்கிட்ட கொண்டுபோனப்பல்லாம்?"

"நாளைக்கு வயரிங் கடைன்னு நீங்கதான் மொத நாளே சொல்லிடுவீங்களே. வண்டியக் கொடைஞ்சா பெட்டி தெரிஞ்சிடும்னு எடுத்து உள்ள வெச்சிடுவேன். கரண்டு போவுதுன்னு தெரிஞ்சிருந்தா செய்வனா?"

டயாலிசிஸ் முடிந்து நான் மருந்து வாங்க வரிசையில் நிற்கும் கால் மணி நேரத்தில், பின்னிருக்கையில் உட்கார்ந்து ஆறையும் உறிஞ்சியிருக்கிறாள். காலிக் குழாய்கள் டயாலிசிஸ் பைக்குள்.

"உன் உசுருக்காகத்தான சரோஜா எண்ணுறேன்."

"தெரியுங்க. யாரு இல்லன்னா?" துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "ஆனா ஒரு வாய் தண்ணிய முழுங்கறதுக்குள்ள நீங்க நோட்டுல கோடு போடற சத்தம் கேக்குது. சர்ருன்னு. அந்தச் சத்தத்துல தாகமே அடங்க மாட்டேங்குது. கார்ல அது இல்ல."

எனக்கு அந்தச் சத்தம் கேட்டதே இல்லை. காதுக் கருவி விஷயம் மேலே சொல்லிவிட்டேன்.

மணியம்தான் தொண்டையைக் கனைத்தார். "ஆன்டி, வேணும்னா சாவி போட்டாத்தான் கரண்டு வர்ற மாதிரி அந்த ஓட்டய மாத்தித் தரேன்."

"மாத்திக் குடுப்பா" என்றாள் சரோஜா உடனே. பெட்டியை வெளியே எடுத்துப் போட்டுவிடு என்று அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

தராசு

அன்று மாலை நாங்கள் சண்டை போட்டோம். என் பக்கம் காரணங்கள் ஒன்பது. சொல்லி முடித்தேன். இரண்டரைக் கிலோ இதயத்தை என்ன செய்யும் என்று டாக்டர் வரைந்து காட்டிய படத்தைக்கூட எடுத்துவந்தேன். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். கேட்டுவிட்டு ஒரே ஒன்று சொன்னாள்.

"தராசுதான் எண்ணுதே. அது போதாதா? ரெண்டு கிலோவுக்குள்ள நான் வரேன். அதுக்கு நான் பொறுப்பு. நடுவுல நீங்க எண்ணாதீங்க."

"தாண்டினா?"

"தாண்டினா உங்க நோட்ட நானே எடுத்துக் கையில குடுக்கறேன்."

நீலப் பெட்டி இப்போது அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது, எனக்குத் தெரியாது. அடுத்த நாள் சிஸ்டர் எடை குறித்ததை எட்டிப் பார்த்தேன், அதற்கு எனக்கு உரிமை உண்டு: அது பழைய கணக்கு, இரண்டரை. அதன் பிறகு இரண்டு கிலோ நூறு. திட்டுவதற்கு வாயைத் திறந்தேன். சரோஜா ஒரு விரலை உயர்த்தினாள். அடுத்த தடவை ஒன்று எண்ணூறு. அதன் பிறகு ஒன்று தொள்ளாயிரம், அப்படியே இருக்கிறது. சிஸ்டர் என் முதுகைத் தட்டி, "குட் ஜாப் அங்கிள்" என்றார். நான் ஒன்றும் செய்யவில்லை. அதுதான் இந்த வயதில் எனக்குப் பெரிய எரிச்சல்.

நோட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. கை அரிக்கிறது. காலையில் அவள் சமையலறையில் எதையாவது குடிக்கும்போது, நான் முகப்பில் போய்க் காருக்குப் பக்கத்தில் நின்றுகொள்கிறேன்.

சென்ற வியாழக்கிழமை காலை ஐந்து இருபது. அவள் பின்னிருக்கையில் கம்பளியோடு உட்கார்ந்தாள். கண்ணாடியில் அவளைப் பார்த்தேன்.

"பாத்தியா, அந்தப் பெட்டிய நான் தொறந்துகூடப் பாக்கல" என்றேன் கொஞ்சம் பெருமையாகவே. "இன்னையோட பதினஞ்சு நாளு."

"அத எண்ணிக்கிட்டுதான் இருக்கீங்களா?"

சாவியைத் திருகினேன். முதல் திருகலிலேயே வண்டி கிளம்பியது. அது அப்படிக் கிளம்பிய ஏழாவது டயாலிசிஸ் காலை. நான் வாயைத் திறக்கவில்லை.